லசான்யா தெரியும், லசான்யா பேட்டரி தெரியுமா?

இரவு மிஞ்சிப்போன லசான்யாவை எவர்சில்வர் தட்டோடு அலுமினியத் தாள் போட்டு மூடி ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். காலையில் எடுத்துப் பார்த்தால் தாளில் பொடிப்பொடியாகப் பொத்தல்! பொத்தலுக்கு நேர் கீழே, சீஸின் மேல் சாம்பல் நிறப் புள்ளிகள். எலியா, கரப்பானா? இரண்டும் இல்லை. ராத்திரி முழுக்க அந்தத் தட்டு மின்சாரம் தயாரித்துக்கொண்டிருந்தது!

தக்காளிப் புளிப்பும் உப்பும் கலந்த சாறு நடுவில். கீழே எவர்சில்வர், மேலே அலுமினியம். தட்டின் விளிம்பில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. பள்ளி வேதியியல் பாடத்தில் படம் போட்டுப் பாகம் குறித்தோமே, அந்த மின்கலம் முழுசாக அமைந்துவிட்டது. இந்த இரண்டில் அலுமினியம்தான் ஏமாளி. அதுதான் கரைந்து சாப்பாட்டில் இறங்கும். மேல்நாட்டுக்காரர்கள் இதற்கு 'லசான்யா செல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சரி, இதை எப்படித் தடுப்பது? அந்தத் தட்டைப் பீங்கானாக்கிவிட்டால் போதும். பீங்கானுக்குள் மின்சாரம் பாயாது. இரண்டாவது உலோகம் இல்லாததால் மின்கலமும் கிடையாது. பீங்கான் என்றதும் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு எந்த ஊர் ஞாபகம் வரும்? விருத்தாசலம்! மின்சாரம் பாயாத குணத்தை வைத்தே பிழைத்த ஊர் அது. நம் வீட்டு மெயின் போர்டில் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்த ஃபியூஸ் கட்டைகள், இன்சுலேட்டர்கள், கார்த்திகைக்கு அகல், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, டீக்கடைக்குக் கப் என்று எல்லாமே அந்த ஊர்ச் சூளைகளில் வெந்து வந்த சரக்குதான். இத்தாலியின் லசான்யாவுக்கும் மணிமுத்தாற்றங்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சம்பந்தம் தட்டில் இருக்கிறது.

லசான்யாவைச் சாப்பிட்டிராதவர்களுக்கு இரண்டு வரி. கோதுமை மாவை மெல்லிய ஏடாகத் தேய்த்து, நீள்சதுரமாக வெட்டி, வெந்நீரில் வேகவைத்து எடுப்பார்கள். ஆழமான தட்டில் ஓர் ஏடு, அதன்மேல் தக்காளியில் சுருள வதக்கிய இறைச்சிக் குழம்பு, அதன்மேல் பாலும் வெண்ணெயும் மைதாவும் காய்ச்சிய வெள்ளை சாஸ், துருவிய சீஸ், மறுபடி ஓர் ஏடு என்று அடுக்கடுக்காக ஏற்றி ஓவனில் சுடுவார்கள். வெட்டி எடுத்தால் பக்கவாட்டில் வரிவரியாகத் தெரியும். கறிக்குப் பதில் கீரை, காளான், கத்தரிக்காய் போட்ட சைவ லசான்யாவும் உண்டு.

இந்தப் பண்டம் எழுத்தில் முதலில் எங்கே தலைகாட்டியது தெரியுமா? சமையல் புத்தகத்தில் இல்லை. பத்திரப் பதிவேட்டில்! போலோஞா நகரத்து நோட்டரிகள் ஒப்பந்தங்களைப் பதிந்து வைத்த ஏடுகளில் வெற்றிடம் விட்டால் பிறகு யாராவது நாலு வரி சொருகிவிடுவார்கள் என்ற பயம். அதனால் காலி இடத்தில் கவிதை எழுதி நிரப்பினார்கள். 1282ஆம் ஆண்டு ஏட்டில் அப்படி எழுதிய ஒரு கவிதையில் லசான்யா வருகிறது. மோசடியைத் தடுக்க எழுதிய பாட்டு, எழுநூறு வருஷம் கழித்துச் சாப்பாட்டு வரலாற்றுக்குச் சாட்சி சொல்கிறது. நம் ரிஜிஸ்டர் ஆபீஸில் காலி இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுப்பதோடு சரி.

14ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸில் 'லிபர் டி கொகினா' என்று ஒரு லத்தீன் சமையல் நூல். அதில் செய்முறையே இருக்கிறது: புளித்த மாவை மெல்லிசாகத் தேய்த்து, மூன்று விரல் அகலத்துக்குச் சதுரமாக வெட்டி, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, துருவிய சீஸ் தூவி அடுக்க வேண்டும், விருப்பமிருந்தால் வாசனைப் பொடியும் சேர்க்கலாம். கூர்மையான மரக்குச்சியால் குத்தி எடுத்துச் சாப்பிட வேண்டும் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். ஒன்றைக் கவனித்தீர்களா? தக்காளியே இல்லை! எப்படி இருக்கும்? தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில்தான். ஆக, தக்காளி இல்லாத லசான்யா பல நூறு வருஷம் ஓடியிருக்கிறது. ரொம்பச் சிரிக்க வேண்டாம். நம் ரசமும் அப்படித்தான். தக்காளி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த நூலிலும் ஏடும் சீஸும் மாறி மாறி அடுக்கும் ஒரு பண்டம் உண்டு. அதை வைத்து 2003இல் சிலர் 'லசான்யா எங்கள் ஊர்ச் சரக்கு' என்று கிளம்ப, லண்டனில் இருந்த இத்தாலியத் தூதரகமே மறுப்பு சொன்னது. சாப்பாட்டுக்குத் தூதரகம் பேசிய கதை! அதே வருஷம் ஜூலை 4ஆம் தேதி, போலோஞா வர்த்தகச் சங்கத்தில் பச்சை லசான்யாவின் செய்முறையை முறைப்படி பதிந்தும் வைத்துவிட்டார்கள். அந்தப் பச்சை, மாவில் கீரை அரைத்துச் சேர்ப்பதால் வருவது. அதற்கு ஊற்றும் இறைச்சிக் குழம்பை 1982லேயே பதிந்தாகிவிட்டது.

அந்த ஊரில் ஏடு தேய்க்கும் பெண்களுக்கு ஒரு கணக்கு உண்டு. தேய்த்த ஏட்டைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியே மலைமேல் இருக்கிற சான் லூகா மாதா கோயில் தெரிய வேண்டும், அவ்வளவு மெல்லிசு. அந்தக் கோயிலுக்கு ஏறும் மண்டப வழியில் 666 வளைவுகள் என்பது கூடுதல் தகவல். விருத்தாசலத்தில் தேய்த்தால் பழமலைநாதர் கோயில் கோபுரம் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதுவும் லேசுப்பட்ட கோயில் இல்லை; ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து தேர் என்று எதை எண்ணினாலும் ஐந்து வரும். சுந்தரர் தமக்குக் கிடைத்த 12,000 பொற்காசுகளை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பதும் இந்தத் தலத்துக் கதைதான்.

லசான்யா விஷயத்திலும் ஊர் ராசி மாறவில்லை. சட்டி இங்கே வேகிறது. பண்டத்தைத் தேடி இன்னொரு ஊருக்குப் போகிறோம். பரோட்டாவும் பிரியாணியும் கேட்ட இடத்தில் கிடைக்கும் விருத்தாசலத்தில் லசான்யா என்றால் புதுச்சேரிப் பக்கம்தான் கை காட்டுவார்கள். நெய்வேலி தாண்டிக் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் புதுச்சேரி. அதை ஒட்டி ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரே தாழியில் கொட்டித் தொடங்கிய ஊர் அது என்பது தெரியுமா? எத்தனையோ நாட்டுக்காரர்கள் குடியேறிய இடம் என்பதால் அவரவர் அம்மா சமையலும் கூடவே வந்துவிட்டது. அங்கே 'லா ஃபெர்ம்' என்ற இடத்தில் மொசரெல்லா, ரிக்கோட்டா என்று இத்தாலியச் சீஸ் வகைகளை நம் பக்கத்துப் பாலிலேயே செய்கிறார்கள். 'டான்டோ' போன்ற விறகடுப்பு இத்தாலியக் கடைகள் நிலைத்ததற்கு, பக்கத்திலேயே புதுச் சீஸ் கிடைப்பது பெரிய காரணம் என்பது என் எண்ணம். சென்னையில் 'டஸ்கானா' மாதிரி உணவகங்கள் உண்டு. சீஸ் எவ்வளவு புதுசோ அவ்வளவு ருசி. அதனால் என் ஓட்டு ஆரோவில் பக்கத்துக்கே.

எந்தக் கடையானாலும் நல்ல லசான்யாவை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்ட ஐந்து நிமிஷத்தில் கொதிக்கக் கொதிக்க வந்தால் சந்தேகப்படுங்கள். மைக்ரோவேவில் சூடு காட்டியதாக இருக்கும். ஓவனிலிருந்து எடுத்த லசான்யா பத்துப் பதினைந்து நிமிஷம் ஆறினால்தான் உள்ளே இருக்கும் சாறு கெட்டிப்பட்டு, வெட்டிய துண்டு சரியாமல் நிற்கும். தட்டின் அடியில் எண்ணெயும் தண்ணீரும் தேங்கினால் குழம்பைச் சரியாகச் சுண்டவிடவில்லை என்று அர்த்தம். அப்புறம் மூலை! நாலு மூலையும் பழுப்பேறி மொறுமொறு என்று இருக்க வேண்டும். இத்தாலியக் குடும்பங்களில் மூலைத் துண்டுக்குச் சண்டையே நடக்கும். அந்த மூலையைத் தருவது சமையல்காரரின் கைத்திறம் பாதி, தட்டு பாதி.

தட்டின் கதைக்கு வருவோம், இங்கேதான் விஷயமே இருக்கிறது.

பீங்கான் என்பது வெறும் களிமண் இல்லை. வெள்ளைக் களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற மூன்றையும் அரைத்துக் கலக்க வேண்டும். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்கப் பூமியைத் தோண்டும்போது மேலே கிடக்கிற மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் வந்தது. அந்தக் களிமண்ணைக் கழுவிச் சுத்தம் செய்ய என்றே நெய்வேலியில் ஓர் ஆலை நடந்தது. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை வளர்ந்ததற்கு இந்த அக்கம்பக்கம் பெரிய பலம். செராமிக் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்புச் சொல்லித்தரும் அரசு நிறுவனமும் ஊரிலேயே இருக்கிறது.

பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால் தயிர்ப் பதத்துக்குக் கரைத்த களிமண் கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் களிமண் ஏறிப் படியும். வேண்டிய கனம் வந்ததும் நடுவில் மிச்சமிருக்கும் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் பிள்ளையார்! விளிம்பில் பிசிறு தட்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, நிழலில் உலர்த்தி, ஒரு தடவை சுடுவார்கள். அந்தப் பக்குவத்துக்குத் தொழிலில் 'பிஸ்கட்' என்று பெயர். பிஸ்கட் ஆனதைக் கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்து மறுபடி சூளையில் அடுக்குவார்கள். பீங்கானுக்கு 1,200 டிகிரிக்கு மேல் போகும் சூடு. லசான்யா வேகும் ஓவன் எவ்வளவு? வெறும் 180, 190 டிகிரி! அப்படியானால் 1,200 டிகிரியைப் பார்த்துவிட்டு வந்த தட்டு 190 டிகிரிக்கு ஏன் டபக்கென்று விரிகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் குறைவு. சூட்டின் அளவைவிட, அது ஏறுகிற வேகம்தான் பீங்கானுக்கு எமன். பீங்கானில் சூடு மெதுவாகத்தான் பரவும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தட்டைக் காய்ந்த ஓவனில் வைத்தால் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும், உள்பக்கம் இன்னும் குளிரில் சுருங்கியே இருக்கும். இரண்டும் இழுத்துக்கொள்ளும் இழுப்பில் விரிசல். இன்னொரு ஆச்சரியமும் உண்டு. மண் கலவையில் இருக்கும் மணற்சத்து, சூளையில் அதிக நேரம் அதிகச் சூட்டில் கிடந்தால் கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறிவிடும். இந்தப் படிகத்துக்கு ஒரு கெட்ட குணம்: ஏறக்குறைய 226 டிகிரியில் சட்டென்று உப்பும், அதே சூட்டுக்கு இறங்கும்போது சட்டென்று சுருங்கும். சமையல் ஓவனின் எல்லைக்குள் வருகிற சூடு அது! அதனால்தான் அடுப்புப் பாத்திரம் செய்பவர்கள் மண் கலவையிலும் சுடும் நேரத்திலும் அத்தனை கவனம் எடுக்கிறார்கள். அலமாரியில் அழகுக்கு வைக்கும் பீங்கானும் ஓவனில் வைக்கும் பீங்கானும் பார்க்க ஒன்றுதான். உள்ளே வேறு வேறு.

கண்ணாடித் தட்டு ஓவனுக்குள் எப்படி வந்தது என்று கேட்டால், அதற்குப் பின்னால் ஒரு கேக் இருக்கிறது! 1913இல் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவனத்து விஞ்ஞானி ஜெஸ்ஸி லிட்டில்டனின் மனைவி பெஸ்ஸி, வீட்டுப் பாத்திரம் உடைந்துபோனதால் வேறு ஏதாவது கொண்டுவரச் சொன்னார். அவர் ஆலையிலிருந்து பேட்டரி ஜாடி ஒன்றின் அடிப்பாகத்தை அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் கேக் சுட்டார் அம்மணி. ஜாடி விரியவில்லை, கேக்கும் ஒட்டவில்லை. இரண்டு வருஷத்தில் 'பைரெக்ஸ்' என்ற பெயரில் கண்ணாடிப் பாத்திரம் கடைக்கு வந்துவிட்டது. பேட்டரியில் தொடங்கிய கட்டுரை மறுபடி பேட்டரியிலேயே வந்து நிற்கிறது பாருங்கள்!

தட்டு செய்வதில் புதுச்சேரிக்கும் தனிப் பெயர் உண்டு. 1971இல் ரே மீக்கர், டெபரா ஸ்மித் என்ற அமெரிக்கர் இருவர் அங்கே 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கினார்கள். இந்தியாவின் பெயர்பெற்ற மண்கலைஞர்களில் பலர் அங்கே பயின்றவர்கள். இந்த ரே மீக்கர் தட்டோடு நிற்கவில்லை. பச்சை மண்ணில் வீடு கட்டி, உள்ளே செங்கல் அடுக்கி, வீட்டையே சூளையாக்கித் தீ மூட்டிச் சுட்டார்! சுட்டு முடித்ததும் செங்கல்லை வெளியே எடுத்துவிட்டுக் குடியேறலாம்.

சட்டியை விட்டு லசான்யாவைப் பிரிக்க முடியாது என்பதற்கு இத்தாலி வரை போக வேண்டியதில்லை. கண்ணூர், தலைச்சேரிப் பக்கத்து மாப்பிளை முஸ்லிம் வீடுகளில் 'சட்டிப் பத்திரி' சாப்பிட்டிருக்கிறீர்களா? மெல்லிய மைதா ஏடுகளை முட்டை கலந்த பாலில் முக்கி, நடுநடுவே மிளகு, மசாலா போட்ட கறியைப் பரப்பிச் சட்டிக்குள் அடுக்கி, மூடி, மேலும் கீழும் கனல் போட்டுச் சுடுவார்கள். நோன்பு மாதத்தில் அந்தத் தெருக்களில் நடந்தால் வாசனையே வழிகாட்டும். இத்தாலிக்கும் மலபாருக்கும் பொதுவாக இருப்பது கோதுமை ஏடும், கறியும், சட்டியும்தான்; ஆனால் இரண்டு ஊர் அடுப்படியும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

இத்தாலியிலேயே தமிழ் அடுப்படி இருக்கிறது தெரியுமா? சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். ஊர்க் காவல் தெய்வமான புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெக்ரினோ மலையேறிப் போகிறவர்களில் இந்துத் தமிழர்களும் உண்டு! அதே பலெர்மோவில் வருஷப் பிறப்பன்று ரிக்கோட்டா சீஸ் போட்ட லசான்யா சாப்பிடுவது மரபு. நேப்பிள்ஸில் அது தவக்காலத்துக்கு முந்திய கொண்டாட்டப் பண்டம். குட்டி குட்டிக் கோலா உருண்டைகளும் அவித்த முட்டையும் உள்ளே இருக்கும், வெள்ளை சாஸ் கிடையாது. நேப்பிள்ஸின் கடைசி அரசர் இரண்டாம் ஃபிரான்சிஸுக்கு இந்தப் பைத்தியம் முற்றிப்போய் 'லாசா' என்றே செல்லப் பெயர் வைத்தார்கள். 1978இல் பிறந்த கார்ட்டூன் பூனை கார்ஃபீல்டுக்கும் லசான்யாதான் உயிர். உலகிலேயே பெரிய லசான்யா சுட்டது இத்தாலியர்கள் அல்ல. 2012இல் போலந்தின் வியெலிச்காவில், 4,865 கிலோ! அதற்கு எந்த ஊர்ச் சூளையாலும் தட்டு செய்துதர முடியாது.

கடையா, வீடா? என்னைக் கேட்டால் வீடு. விருத்தாசலத்துக்காரருக்கு அதற்குத் தேவையான எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஏட்டுக்கு 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது இத்தாலிக் கணக்கு. முட்டை வேண்டாதவர்கள் பன்சி ரவையை நைசாக அரைத்துப் பிசையலாம், பாஸ்தாவுக்கு உரிய டூரம் கோதுமைதான் அது. ரிக்கோட்டாவுக்குப் பதில் உதிர்த்த பன்னீர். வெள்ளை சாஸுக்கு ஒரு கைப்பிடி முந்திரி அரைத்து விடுங்கள். பண்ருட்டி முந்திரியின் பெருமை நாடறியும். ஆனால் விஆர்ஐ 3 என்ற பெயர்பெற்ற முந்திரி ரகத்தைத் தந்தது விருத்தாசலத்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 'விஆர்ஐ' என்பதே ஊரின் முதலெழுத்துகள்தான். ஓவன் இல்லையா? கேஸ்கட்டும் விசிலும் கழற்றிய பெரிய குக்கரில் கல் உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, தட்டை உள்ளே வைத்துச் சிறு தீயில் ஏற்றுங்கள். குக்கரும் தட்டும் சேர்ந்தே சூடாவதால் விரிசல் பயமும் குறைவு. மேல்பக்கம் பழுப்பேறாது, அது ஒன்றுதான் குறை. பீங்கானை நேரடித் தீயில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

செய்தால் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். 2020இல் கொரோனா நேரத்தில் அமெரிக்காவில் 'லசான்யா லவ்' என்று ஓர் அமைப்பு கிளம்பி, கஷ்டத்தில் இருக்கிற குடும்பங்களுக்கு வீட்டில் சுட்ட லசான்யாவைக் கொண்டுபோய்க் கொடுத்தது, உலகமே வியந்தது. விருத்தாசலத்திலிருந்து கடலூர் போகும் வழியில் இருக்கிற வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு அன்றிலிருந்து அணையவே இல்லை என்பதையும் அவர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை.

ஒரே ஒரு எச்சரிக்கை. கார்த்திகைக்கு அகல் வாங்கப் பட்டறைப் பக்கம் போகும்போது, கண்ணுக்கு அழகாக இருக்கிறதே என்று வண்ணம் பூசிய ஏதோ ஒரு தாம்பாளத்தை எடுத்துவந்து அதில் லசான்யா சுட்டுவிடாதீர்கள். அழகுப் பொருளுக்குப் பூசும் சில கிளேஸ்களில் ஈயம் இருக்கக்கூடும். தக்காளிப் புளிப்பு அதைக் கரைத்து வெளியே இழுத்துவிடும். 'இது சாப்பாட்டுக்கு உகந்த கிளேஸா? ஓவன் சூட்டைத் தாங்குமா?' இந்த இரண்டு கேள்விக்கும் செய்தவர் வாயால் 'ஆமாம்' வந்த பிறகு காசைக் கொடுங்கள்.